மதிலுக்கு வெளியே விழும் சாம்பல்



கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் தம்மைச் சூழ்ந்த நிலத்துக்கும் நீருக்கும் காற்றுக்கும் விளைக்கும் கேட்டை எவ்வாறு குறைக்கலாம் என்பது இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். இதைக் கேட்டதும் உங்களுள் பலர் ஒரு மரக்கன்றையும், ஒரு மண்வெட்டியையும், ஒரு சிறப்பு விருந்தினரையும், அவர் பக்கத்தில் ஒரு புகைப்படக்காரரையும் மனக்கண்ணில் கண்டிருப்பீர்கள். மரம் நடுவது நல்லதே. நட்ட மரத்துக்குச் சித்திரை மாதத்தில் தண்ணீர் ஊற்றுவது அதனினும் நல்லது. ஆயினும், வளாகத்துக்குள் நிற்கும் மரங்களைப் பற்றி நான் மிகுதியாகப் பேசப் போவதில்லை. கல்லூரி மதிலைத் தாண்டிப் போகின்ற மின்கம்பியையும், தண்ணீர்க் குழாயையும், குப்பை வண்டியையும் பின்தொடர்ந்து சென்று, அவை எங்கே போய் முடிகின்றன என்று பார்ப்போம்.

இதற்கு வடசென்னையைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. ஸ்டான்லி என்னும் பெயர் தாங்கி வரும் மருத்துவக் கல்லூரி, 1950இல் பழைய வண்ணாரப்பேட்டையில் தோன்றிய சர் தியாகராயா கல்லூரி, 1964இல் பிறந்த பாரதி மகளிர் கல்லூரி, 1973இல் வியாசர்பாடியில் அமைந்த அம்பேத்கர் அரசு கலைக்கல்லூரி ஆகியவை இராயபுரத்துக்கும் வியாசர்பாடிக்கும் இடைப்பட்ட சிறு வட்டத்துக்குள் இருக்கின்றன. இவற்றில் பயில்வோருள் திருவொற்றியூர், எண்ணூர், மணலி, மீஞ்சூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பலர். தென்சென்னை மாணவர் ஒருவர் தம் வகுப்பறைக் கம்பியைப் பின்தொடர்ந்தால் தமக்குத் தெரியாத ஓர் ஊருக்குப் போய்ச் சேர்வார். எண்ணூர் மாணவரோ தம் வீட்டு வாசலுக்கே வந்து சேர்வார். வேறுபாடு அவ்வளவே.

முதலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடப்போம்.

எண்ணூரில் 1970க்கும் 1975க்கும் இடையில் ஐந்து இயந்திரங்களுடன் ஓர் அனல்மின் நிலையம் எழுந்தது. அதன் ஆற்றல் 450 மெகாவாட். அது முதுமையடைந்து 2017ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் மூடப்பட்டது. அதற்கு முன்னரே அத்திப்பட்டுப் பக்கத்தில் வடசென்னை அனல்மின் நிலையம் வந்துவிட்டது. 1994 முதல் 1996 வரை 630 மெகாவாட்டும், 2014இல் மேலும் 1,200 மெகாவாட்டும் அங்கே நிறுவப்பட்டன. அடுத்துள்ள வல்லூரில் 1,500 மெகாவாட். இவற்றுக்கு வேண்டிய நிலக்கரியில் பெரும்பகுதி ஒடிசாவின் தால்ச்சர் சுரங்கங்களிலிருந்து இரயிலில் பாரதீப் துறைமுகத்துக்கு வந்து, அங்கிருந்து கப்பலேறி, 2001இல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகத்தில் இறங்குகிறது. அத்துறைமுகத்தைத்தான் இன்று காமராசர் துறைமுகம் என்கிறோம். நம் நாட்டு நிலக்கரிக்கு ஒரு குணம் உண்டு. அதில் சாம்பல் மிகுதி. நூறு கிலோவை எரித்தால் முப்பதைந்து, நாற்பது கிலோ சாம்பலாக எஞ்சும். இச்சாம்பலின் ஒரு பகுதி சிமெண்டிலும் சாம்பற் செங்கல்லிலும் சேர்ந்துவிடுகிறது. எஞ்சியதைத் தண்ணீரில் கரைத்துக் குழம்பாக்கிக் குழாய்களின் வழியே சாம்பற் குளங்களுக்கு அனுப்புகிறார்கள். அக்குழாய்கள் பல ஆண்டுகளாகக் கசிந்து, கொசஸ்தலையாற்றின் உப்பங்கழியில் சாம்பல் படிந்துவிட்டது. செப்பாக்கம் என்ற சிற்றூர் சாம்பற் குளத்தை ஒட்டியே கிடக்கிறது. காற்றடிக்கும் நாளில் அங்கே வீட்டுக்குள் சோற்றுத் தட்டைத் திறந்து வைக்க முடியாது. கழியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடித்து வாழ்ந்தவர்களின் காலுக்கடியில் இன்று சேற்றோடு சாம்பலும் சேர்ந்திருக்கிறது.

இதற்கும் கல்லூரிக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். ஒரு சிறு கணக்குப் போடுவோம். கணக்கென்றதும் வானொலிப் பெட்டியின் காதைத் திருகிவிடாதீர்கள். ஐந்தாம் வகுப்புக் கணக்குத்தான்.

பழைய வகை மின்விசிறி ஒன்று ஏறத்தாழ 75 வாட் மின்சாரம் கொள்ளும். மாலை ஐந்து மணிக்கு வகுப்பு முடிந்து எல்லாரும் வெளியேறிய பின்னர் அதை நிறுத்த மறந்தால், மறுநாள் காலை ஏழு மணி வரை பதினான்கு மணி நேரம் ஆளில்லாத நாற்காலிகளுக்கு அது காற்று வீசும். பதினான்கை எழுபத்தைந்தால் பெருக்கினால் 1,050 வாட்மணி. அதாவது ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். நிலக்கரியிலிருந்து ஒரு யூனிட் எடுக்க ஏறத்தாழ 0.7 கிலோ கரி வேண்டும். அதிலிருந்து கால் கிலோ சாம்பல் எஞ்சும். ஒரு கிலோ அளவு கரியமிலவாயு புகைபோக்கி வழியே வான் ஏறும். ஒரு விசிறிக்கு ஓரிரவில் கால் கிலோ. ஒரு கல்லூரியில் அவ்வாறு நூறு விசிறிகள் இரவெல்லாம் சுழன்றால் அரை மூட்டைச் சிமெண்டின் எடையளவு சாம்பல். அதை ஒருவரும் கல்லூரி வாயிலில் கொண்டுவந்து கொட்டுவதில்லை. கொட்டினால் மறுநாளே எல்லா விசிறிகளும் நின்றுவிடும் என்பது என் எண்ணம்.

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டின் மின்சாரம் முழுவதும் கரியில் விளைவதன்று. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றும், கமுதி வெயிலும், கல்பாக்கத்து அணுவும், மலையருவிகளும் ஒரே மின்தொகுப்பில்தான் கலக்கின்றன. உங்கள் விசிறிக்கு வந்த யூனிட் எங்கே பிறந்தது என்று ஒருவராலும் பிரித்துக் காட்ட இயலாது. ஆனால் இரவில் வெயில் இல்லை. ஆடி மாதம் கழிந்தால் காற்றும் குறையும். அவ்வேளைகளில் தேவை ஏறினாலும் இறங்கினாலும் அதற்கேற்பப் பெரிதும் கூட்டிக் குறைக்கப்படுவது கரி உலைகளே. ஆதலால் நம் கணக்கு ஆண்டு முழுவதற்கும் அப்படியே பொருந்தாவிட்டாலும், இரவு நேர வீணுக்குப் பெரும்பாலும் பொருந்தும்.

இனி ஒரு வரலாற்றுச் செய்தி. நான் இப்பகுதியில் ஆசிரியப் பணி புரிந்த நாள்களில், காலையில் மேசையைத் துடைத்தால் துணி கறுக்கும். இராயபுரத்து மக்களுக்கு இது நன்கு தெரியும். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் திறந்த வெளியில் குவிக்கப்பட்டு வந்தமையால், கரித்தூள் வீடுகளிலும் மருத்துவமனைச் சன்னல்களிலும் படிந்தது. உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2011இல் அச்சரக்குகள் எண்ணூர்த் துறைமுகத்துக்கு மாற்றப்பட்டன. இராயபுரம் மூச்சு விட்டது, அது நியாயமே. ஆனால், எரிக்கப்படும் கரியில் ஒரு கூடையேனும் அதனால் குறைந்ததா? தூளின் முகவரிதான் மாறிற்று. ஒரு சுமையை இடம் மாற்றுவதற்கும் குறைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை. கல்லூரி வளாகங்களுக்கும் இதுவே அளவுகோல். வளாகம் தூய்மையாக இருக்கிறதா என்று கேட்பதோடு நிற்கலாகாது. வளாகத்தை விட்டு வெளியே போவது குறைந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

நம் நகரத்தில் பசுமைக்குப் பெயர்பெற்ற வளாகங்கள் இரண்டு உண்டு. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் ஜார்ஜ் டவுனின் நெருக்கடியை விட்டுத் தாம்பரத்துக்குச் சென்றது. அங்கே எட்வர்டு பார்ன்ஸ் என்ற வேதியியல் பேராசிரியர் தம் துணைவியாருடன் சேர்ந்து, புதர்க்காட்டைக் காத்து, மரங்களை வளர்த்தார். மற்றொன்று, 1959இல் கிண்டிக் காட்டின் ஒரு பகுதியில் எழுந்த இந்தியத் தொழில்நுட்பக் கழகம். வெளிமானும் புள்ளிமானும் உலவும் கல்வி நிலையம் உலகில் வேறெங்கேனும் உண்டோ, அறியேன். இவ்விரு நிலையங்களின் அக்கறை போற்றத்தக்கது. ஆனாலும் கிண்டி வளாகத்தில் இறந்த மான்கள் சிலவற்றின் வயிற்றைப் பிளந்து பார்த்தபோது பிளாஸ்டிக் பைகள் உருண்டையாகக் கிடந்த செய்தியை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். மரமும் மானும் இருந்தால் மட்டும் போதாது. உள்ளே வருவதையும் வெளியே போவதையும் கவனித்தாக வேண்டும் என்பதற்கு அந்த மான்களே சாட்சி.

உலகப் பல்கலைக்கழகங்களும் இந்த எண்ணத்துக்கு மெல்லத்தான் வந்தன. 1990இல் பிரான்சு நாட்டின் தலுவார் என்னும் ஊரில் பல நாட்டுப் பல்கலைக்கழகத் தலைவர்கள் கூடி, தம் நிறுவனங்களையே முதலில் திருத்துவோம் என்று ஓர் அறிக்கையில் கையொப்பமிட்டனர். அதற்குப் பின்னர்க் கணக்கிடும் முறைகள் வளர்ந்தன. வளாகத்துக்குள்ளேயே எரிவது ஒரு கணக்கு: மின்னாக்கியின் டீசல், விடுதிச் சமையல் எரிவாயு போன்றவை. கம்பி வழியே வாங்குவது இரண்டாம் கணக்கு. மாணவர் வந்து போகும் வண்டி, உண்ணும் உணவு, வெளியேறும் குப்பை முதலிய எல்லாம் மூன்றாம் கணக்கு. மூன்றாவதுதான் அளப்பதற்குக் கடினமானது. பல கல்லூரிகள் அதை வசதியாக மறந்துவிடுகின்றன.

நம் நாட்டில் வேறு ஒரு வேடிக்கை நடந்தது. உச்சநீதிமன்றம் 1991இல் இட்ட ஆணையின் தொடர்ச்சியாக, சுற்றுச்சூழல் பாடம் இளநிலைப் பட்ட வகுப்புகள் அனைத்துக்கும் 2003 அளவில் கட்டாயமாயிற்று. பாடம் வந்தது, தேர்வும் வந்தது, வினா-விடை நூலும் வந்தது. ஆளில்லாத அறையில் விசிறி சுழன்றுகொண்டிருக்க, அடுத்த அறையில் ஆற்றல் சேமிப்பு பற்றி ஐந்து மதிப்பெண் கட்டுரை எழுதுவதை நான் கண்டிருக்கிறேன். எந்தக் கல்லூரி என்று கேளாதீர்கள்.

சரி, குறைப்பது எப்படி? மின்சாரத்தில்தான் எளிய வழிகள் மிகுதி. நேர்மின் இயந்திரம் பொருத்திய புதுவகை விசிறி 30 வாட்டுக்குள் அதே காற்றைத் தரும். ஐந்நூறு விசிறிகள் உள்ள ஒரு கல்லூரியை எண்ணிக்கொள்ளுங்கள். நாளுக்கு ஏழு மணி நேரமும் ஆண்டுக்கு இருநூறு நாள்களும் அவை ஓடுவதாகக் கொண்டால், மாற்றத்தால் மிஞ்சுவது 31,500 யூனிட். கரிக் கணக்கில் இருபத்திரண்டு டன். சாம்பற் கணக்கில் ஏழெட்டு டன். ஒரு லாரிச் சுமை. குளிர்பதன அறைகளில் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்தினால் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பங்கு மின்சாரம் மிஞ்சும் என்பது மைய அரசின் மின்சிக்கன அமைப்பு சொல்லும் கணக்கு. 2020 சனவரி முதல் தரக்குறியீடு பெற்ற அறைக் குளிர்பதனப் பெட்டிகள் 24 பாகையிலேயே தொடங்குமாறு செய்யப்பட்டதும் இதனால்தான். கருத்தரங்கக் கூடத்தில் 18 பாகை வைத்துவிட்டுச் சால்வை போர்த்திக்கொண்டு புவி வெப்பத்தைப் பற்றிப் பேசுவது நமக்கு அழகன்று.

கூரையில் வெயில் மின்தகடுகள் பதிக்கலாம். ஒரு கிலோவாட்டுக்கு நிழல்படாத நூறு சதுர அடி வேண்டும். சென்னை வெயிலில் சராசரியாக நாளுக்கு நான்கு யூனிட் கிடைக்கும். கல்லூரிக்கு இது மிகவும் ஏற்றது. ஏனெனில் கல்லூரி பகலில் இயங்குவது. வடசென்னையில் மட்டும் இரண்டு இடையூறுகளைக் கருத வேண்டும். கடற்காற்றின் உப்பு இரும்புச் சட்டங்களை அரிக்கும். காற்றில் வரும் தூசியும் சாம்பலும் தகட்டின்மேல் படிந்து விளைச்சலைக் குறைக்கும். ஆகவே துருப்பிடிக்காத சட்டமும் அடிக்கடி துடைக்கும் ஏற்பாடும் முதல் நாளிலேயே ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும். தகடு பதித்த மறு ஆண்டே அதன்மேல் விரலால் பெயர் எழுதலாம் என்ற நிலையில் உள்ள கூரைகளைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது தண்ணீர்க் குழாய். மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவின்றி இறைத்ததால் கடல்நீர் உள்ளே புகுந்த கதை அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட பழங்கதை. இனிய நீர் குறைந்ததால், கடல்நீரைக் குடிநீராக்க 2010இல் காட்டுப்பள்ளியிலும் 2013இல் நெம்மேலியிலும் ஆலைகள் அமைந்தன. உப்பை நீக்க ஆயிரம் லிட்டருக்கு மூன்று முதல் நான்கு யூனிட் மின்சாரம் செலவாகும். ஆகவே ஒழுகும் குழாயில் தண்ணீரோடு மின்சாரமும் ஒழுகுகிறது. மின்சாரத்தோடு மறுபடியும் சாம்பல். கம்பியும் குழாயும் எண்ணூரில் சந்தித்துக்கொள்கின்றன.

இதில் நம்பிக்கை தரும் செய்தியும் ஒன்று உண்டு. மணலியில் உள்ள பெரிய ஆலைகள் சில, 1990களிலிருந்தே நகரத்துச் சாக்கடை நீரைத் தூய்மை செய்து பயன்படுத்தக் கற்றன. 2019இல் கொடுங்கையூரில் நாளொன்றுக்கு நான்கரைக் கோடி லிட்டர் கழிவுநீரை மும்முறை தூய்மை செய்து ஆலைகளுக்கு அனுப்பும் நிலையம் வந்தது. உர ஆலையும் எண்ணெய் ஆலையும் கழிவுநீரைக் கழுவிப் பயன்படுத்தும்போது, கல்லூரி மட்டும் கழிப்பறைக்கும் புல்வெளிக்கும் குடிநீரையே ஊற்றுவானேன்? விடுதியின் குளியலறை நீரைத் தனிக்குழாயில் பிரித்து, வடிகட்டித் தோட்டத்துக்கு விடப் பெரும் பொருட்செலவு ஆகாது. மழைநீர் சேமிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம். கட்டாயமென்பதால் குழாய் இருக்கிறது. குழாயின் வாயில் இலையும் அடைத்திருக்கிறது. ஐப்பசி பிறக்குமுன் அதைச் சுத்தம் செய்வது நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்க்கு ஒரு நாள் வேலை.

குப்பை வண்டி கொடுங்கையூருக்குப் போகிறது. நகரின் வடக்கு, நடுப் பகுதிகளின் குப்பை பல பத்தாண்டுகளாக அங்கேதான் குவிந்தது. பரப்பு முந்நூறு ஏக்கருக்கு மேல். பழங்குப்பையைத் தோண்டிப் பிரித்தெடுக்கும் பணி அண்மை ஆண்டுகளில் தொடங்கியிருக்கிறது. ஆயினும் நாள்தோறும் போகும் புதுக்குப்பையில் ஈரக் கழிவு கலந்திருக்கும் வரை சிக்கல் தீராது. சோறும் காய்த்தோலும் காற்றுப்படாமல் புதையுண்டு அழுகினால் மீத்தேன் பிறக்கும். நூறாண்டு அளவில் பார்த்தால், அது கரியமிலவாயுவைப்போல் இருபத்தெட்டு மடங்கு வெப்பத்தைச் சேர்ப்பது, தீப்பற்றுவதும் அதனால்தான். நாளுக்கு நூறு கிலோவுக்கு மேல் கழிவு சேரும் நிறுவனங்கள் ஈரக்கழிவை இயன்றவரை தம் வளாகத்துக்குள்ளேயே பக்குவப்படுத்த வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மைய அரசு விதிகள் கூறின. ஆயிரம் மாணவர் உண்ணும் விடுதியில் ஒருவர் ஐம்பது கிராம் சோற்றை ஒதுக்கினாலும் ஒரு வேளைக்கு ஐம்பது கிலோ. மக்கவைக்கும் தொட்டி கட்டலாம், சாண எரிவாயுக் கலத்தின் முறையில் அடுப்புக்கு வாயு எடுக்கலாம். ஆனால் எல்லாவற்றிலும் மலிவானது, பரிமாறும் கரண்டியைச் சிறிதாக்கி, கேட்டவர்க்கு மறுபடி பரிமாறுவதே.

வண்டிகளைப் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. நாளுக்கு இருபது கிலோமீட்டர் மோட்டார் சைக்கிளில் வந்துபோகும் மாணவர் ஒருவர், விசிறி ஓரிரவில் வெளியிடும் அளவு கரியமிலவாயுவை, ஏறத்தாழ ஒரு கிலோவை, வெளியிடுகிறார். கும்மிடிப்பூண்டி மார்க்கப் புறநகர் இரயிலும், 2021இல் விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோவும் இருக்கின்றன. நிலையத்திலிருந்து கல்லூரி வரை சரக்குப் பெட்டி லாரிகளுக்கு நடுவே நடந்து வரத் துணிவு வேண்டும் என்பதும் உண்மை. நடைபாதை இல்லாத சாலையில் மாணவரை நடக்கச் சொல்வது அறமாகாது; கல்லூரிகள் கூடி மாநகராட்சியிடம் கேட்க வேண்டியது அது.

இங்கே ஒரு மறுப்பு எழும். அதை நானே எழுப்பிவிடுகிறேன். 2017 சனவரியில் இரு கப்பல்கள் எண்ணூர்க் கடலில் மோதி எண்ணெய் கரையெங்கும் பரவிற்று. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழியில் கலந்து மீனவரின் படகையும் வலையையும் பாழாக்கிற்று. அம்மாத இறுதியிலேயே பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடினர். இத்தனைக்கும் நடுவில் வாழும் பிள்ளையிடம் விசிறியை நிறுத்தச் சொல்வது நியாயமா? அவர் வீட்டில் ஒற்றை விசிறிதான் இருக்கும். நியாயமன்று என்பதே என் விடையும். ஒரு கல்லூரி முழுவதும் இருளில் அமர்ந்தாலும் ஆலைகளின் பொறுப்பு ஓர் அணுவும் குறையாது. ஆலையைக் கேட்க வேண்டிய கேள்வியை ஆலையைத்தான் கேட்க வேண்டும். ஆனால் அக்கேள்வியைக் கேட்பவர்க்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். எத்தனை டன் கரி, எவ்வளவு சாம்பல், எங்கே போயிற்று என்று அளந்து பழகிய மாணவரை வெறும் பேச்சால் மடக்கிவிட முடியாது. மேலும், அதிக மின்சாரம் செலவழிப்பவை வடசென்னையின் ஏழைக் கல்லூரிகள் அல்ல. குளிர்பதனக் கூடங்களும் ஆய்வகங்களும் நிறைந்த பெரிய வளாகங்களே. முதற்கடமை அவர்களுடையது. அவர்களுடைய சாம்பல் விழும் ஊரைப் பார்க்க எண்ணூருக்கு ஒருநாள் பேருந்தில் வரட்டும்.

எங்கே தொடங்குவது? உங்கள் கல்லூரியின் மின்மானியில் தொடங்கலாம். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஒரு முறையும், திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு முறையும் அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இடைப்பட்ட அறுபத்தொரு மணி நேரத்தில் வகுப்பு இல்லை. அவ்வேளையில் ஓடிய யூனிட்டுகளில் ஆய்வகக் குளிர்பெட்டி, வாயில் விளக்கு, நீரேற்றி ஆகியவற்றுக்குரியதைக் கழித்துவிட்டால், எஞ்சுவது வீண். அதை 0.7ஆல் பெருக்கினால் கிலோவில் கரி வரும். அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் சாம்பல். நான்கு வாரம் தொடர்ந்து குறித்து, எண்ணை மட்டும் அறிவிப்புப் பலகையில் எழுதிவையுங்கள்; கட்டுரை ஒன்றும் வேண்டாம். மின்மானி அறையின் சாவி பெரும்பாலும் மின்பணியாளரிடம் இருக்கும். முதல்வரின் எழுத்து அனுமதியோடு, வேலை நேரத்திலேயே அவரைப் போய்ப் பாருங்கள். எந்தக் கட்டடத்தில் எந்த விளக்கு இரவெல்லாம் எரிகிறது என்பது அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். இதுவரை அவரை ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள்.